அறிவு நிவாரண ஆலோசகர்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் உள்ள எந்த அலுவலகத்தையும் ஒரே ஒரு கேள்வியால் காலி செய்யக்கூடிய மனிதர் ஒருவர் இருந்தார். தணிக்கைக்காரர்கள் வந்தால்கூட நான்கு பேராவது சீட்டில் இருப்பார்கள். இவருடைய மொபெட் வாசலில் வந்து இருமி அடங்கினால் போதும், உள்ளே அத்தனை பேருக்கும் ஒரே நொடியில் டீ குடிக்கத் தோன்றும். பின்வாசல் இல்லாத அலுவலகங்களில் ஜன்னல் வழியாகப் போனவர்களும் உண்டு என்று கேள்வி.

ஓடத் தெரியாமல் அகப்பட்டவர் எதிரில் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொள்வார். பிறகு, குழந்தையிடம் மிட்டாய் வேண்டுமா என்று கேட்கிற அன்போடு கேட்பார்.

"உமக்கு என்ன தெரியும்?"

அவ்வளவுதான் கேள்வி. யோசித்துப் பாருங்கள், பதில் சொல்ல முடிகிறதா?

அவரை எல்லோரும் "விவரம் சார்" என்றுதான் சொல்வோம். "விவரம் என்னன்னா" என்று தொடங்காமல் அவர் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வந்ததில்லை. டெல்லியில் ஏதோ ஒரு மத்திய சர்க்கார் ஆபீசில் வேலை பார்த்து, வயதாவதற்கு முன்பே ஓய்வு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கம்ப்யூட்டர் படித்தால்தான் பிழைப்பு என்று ஊரெல்லாம் பேச ஆரம்பித்திருந்த காலம். இவர் வேறொன்று சொன்னார். ஓர் அலுவலகத்தின் சொத்து பீரோவில் இல்லை, ஆட்களின் மண்டைக்குள் இருக்கிறது. ஒருத்தன் மண்டையில் இருப்பதை இறக்கி மற்ற எல்லார் மண்டையிலும் ஏற்றவேண்டும். சர்க்கார் ஆபீஸ், கூட்டுறவுச் சங்கம், தர்ம ஸ்தாபனம் என்று லாபம் பார்க்காத இடங்களுக்கு மட்டுமே இந்தச் சேவையைச் செய்வார். கூலியாக மதியச் சாப்பாட்டில் மீன்கறி இருந்தால் போதும்.

இதற்கென்று 'அறிவு நிர்வாக ஆலோசகர்' என்று மூன்று மொழியில் கார்டு அடிக்கக் கொடுத்தார். அமரவிளையில் அச்சுக்கூடம் வைத்திருந்தவருக்கு மலையாளம் தண்ணீர் பட்ட பாடு, தமிழ் கொஞ்சம் தகராறு. தமிழில் 'அறிவு நிவாரண ஆலோசகர்' என்று அச்சாகி வந்துவிட்டது. வெள்ள நிவாரணம், வறட்சி நிவாரணம் தெரியும், அறிவு நிவாரணம் என்றால் என்ன என்று ஊரே குழம்பியது. அவர் குழம்பவில்லை. "விவரம் என்னன்னா, இதுவும் செரிதான். அறிவு வந்து பாதிக்கப்பட்ட ஆளுகளும் உண்டும்லா?" என்று சொல்லி அதே கார்டைக் கட்டுக்கட்டாக விநியோகித்தார்.

எங்கள் பக்கம் வருவதற்கு முன் அவர் ஒரு சர்க்கார் ஆபீசில் நடத்திய ஆய்வைப் பற்றி ஊரில் ஒரு கதை உலாவியது. பெயர் வேண்டாம், இருக்கிற ஆபீஸ்தான் என்றும் நிச்சயமில்லை. அங்கே அவரை லஞ்ச ஒழிப்புத் துறை ஆள் என்று நினைத்துவிட்டார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு "உமக்கு என்ன தெரியும்?" என்று கேட்க, முதல் ஆளிலிருந்து கடைசி ஆள்வரை "எனக்கு ஒண்ணும் அறியாது சாரே" என்று சத்தியம் செய்திருக்கிறார்கள். ஒருத்தர் பதற்றத்தில், தன் ஊர் எது என்பதும் தெரியாது என்றாராம். விவரம் சார் மனம் தளரவில்லை. 'இவ்வலுவலகத்தில் அறிவு என்று எதுவும் தங்கியிருக்கவில்லை. ஆகவே அது இழந்துபோகும் அபாயமும் இல்லை. மிகவும் பாதுகாப்பான அலுவலகம்' என்று அறிக்கை எழுதிக் கொடுத்தார். அந்த அதிகாரி, 'பாதுகாப்பான' என்ற சொல்லின் கீழ் மட்டும் கோடு போட்டு மேலிடத்துக்கு அனுப்பினார் என்று சொல்வார்கள்.

இப்படிப்பட்டவர் எங்கள் சங்கத்துக்கு வந்த கதைதான் நான் சொல்லவேண்டியது.

நான் அப்போது பாறசாலையில் ஒரு சின்னக் கிராம சேவைச் சங்கத்தில் டைப்பிஸ்ட். பாலர் பள்ளி, தையல் வகுப்பு என்று சில காரியங்கள் நடந்தாலும் சங்கத்தின் உயிர் ஒரு பழைய ஜீப்பில் இருந்தது. கடற்கரைக் குடியிருப்புகளில் யாருக்குப் பிரசவ வலி எடுத்தாலும் எங்கள் ஜீப்தான் போய் ஏற்றிவரும். அந்த ஜீப்பை ஸ்டார்ட் செய்யத் தெரிந்த ஒரே ஜீவன் டிரைவர் மரியதாசன். அவரும் அதே கடற்கரைக்காரர்தான். வேறு யார் சாவியைத் திருப்பினாலும் அது செத்த மாடுபோலக் கிடக்கும். மரியதாசன் உள்ளே தலையை விட்டு ஏதோ செய்வார், உறுமிக்கொண்டு எழுந்துவிடும்.

ஒருமுறை மரியதாசனுக்கு அம்மை போட்டது. அவர் வேப்பிலையோடு வீட்டில் படுத்திருந்த நாளெல்லாம் ஜீப்பும் ஷெட்டில் படுத்திருந்தது. ஒரு கோழி பின்சீட்டில் ஏறி அடைகாக்கவே தொடங்கிவிட்டது. அப்போதுதான் கடற்கரையிலிருந்து ஒரு பெண்ணை ஆட்டோவில் கொண்டுவரும்படி ஆயிற்று. ரயில்வே கேட் அடைத்திருந்த நேரத்தில் ஆட்டோவிலேயே பிரசவம். தாயும் பிள்ளையும் நலம். ஆட்டோக்காரர்தான் மயங்கி விழுந்தார்.

எங்கள் சங்கத்துச் செயலாளர் தங்கம்மா டீச்சர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. நாங்கள் எல்லோரும் தன் வகுப்புப் பிள்ளைகள் என்றே கடைசிவரை நினைத்திருந்தவர். அன்றைக்கு மேஜையைத் தட்டினார்.

"மரியதாசனுக்கு அம்மை வந்தா ஆபீசுக்கே அம்மை வந்தது போல கெடக்கணுமா? இது இனி பற்றாது. அந்த விவரத்த விளிச்சிட்டு வாங்க."

விவரம் சார் மறுநாளே வந்துவிட்டார். மொபெட்டின் பின்னால், கோழி கொண்டுபோகிற பிரம்புக் கூடையில் ஒரு டேப் ரிக்கார்டர். தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒருவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்லவேண்டும், மற்றவர்கள் கேட்கவேண்டும், அது கேசட்டில் பதிவாகும். கேசட் புதிதல்ல. வீட்டிலிருந்த பஜனைக் கேசட்டின் மேலேயே பதிவு செய்தார். டேப் ரிக்கார்டரும் இடையிடையே பதிவை மறந்துவிடும். அதனால் கேசட்டைத் திரும்பப் போட்டால், எங்கள் கணக்கர் சுகுமாரன், பீரோவில் எந்த இழுப்பறையைக் குத்தினால் எந்த இழுப்பறை திறக்கும் என்று விளக்கிக்கொண்டிருக்கும்போதே நடுவில் தாளத்தோடு மங்களாரத்தி வந்துவிடும். கேட்பவர்களுக்கு இரும்பு பீரோவுக்குப் பூஜை நடப்பதுபோல இருக்கும்.

சமையல் செய்கிற சரசம்மக்கா, பாலர் பள்ளியில் எந்தப் பிள்ளை பசிக்கு அழும், எந்தப் பிள்ளை வேடிக்கைக்கு அழும் என்பதை அழுதே காட்டினாள். அடுத்த வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

என் முறை வந்தது. என் தட்டச்சுப் பொறியில் ஆங்கிலப் 'பி' விழாது. ஆகவே பாறசாலை என்று அடிக்கும்போதெல்லாம் அது 'ஆறசாலை' என்று விழும். முதலில் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தேன். பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டேன். இதைச் சொன்னதும் தங்கம்மா டீச்சர் எழுந்துவிட்டார்.

"அதாக்கும் மேலிடத்துல இருந்து வாற கடிதாசு ஒக்க ஆறசாலைன்னு வருது! நான் அவிய படிப்பில்லாத்தவியன்னு நெனச்சேனே மக்கா!"

"விவரம் என்னன்னா டீச்சரே," என்றார் விவரம் சார் பரவசத்தோடு, "ஒரு எழுத்து விழாததுனால ஒரு ஊரு பேரு மாறிப்போச்சு. இதாக்கும் அறிவு!"

எதைச் சொன்னாலும் அவருக்குப் பரவசம்தான். சுகுமாரனின் இழுப்பறை ரகசியத்தைக் கேட்டு எழுந்து நின்று கைதட்டினார். சரசம்மக்கா அழுதபோது அவருக்கும் கண் கலங்கியது. மாசக்கணக்கில் யாரும் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காத ஆபீசில், நாங்கள் வாயைத் திறந்தாலே கைதட்டுகிற ஒருத்தர். எங்களுக்குக் கொஞ்சம் கிறுக்குப் பிடித்துத்தான் போயிற்று. சரசம்மக்கா பவுடர் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தாள்.

அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் விட்டு வேலைக்குத் திரும்பிய மரியதாசன் ஷெட்டுக்குப் போனால், டிரைவர் சீட்டில் விவரம் சார் உட்கார்ந்திருக்கிறார். மடியில் டேப் ரிக்கார்டர்.

"சாரே, அது எனக்க சீட்டு."

"விவரம் என்னன்னா மரியதாசா, சீட்டு உனக்கதுதான். உனக்க மண்டைக்குள்ள இருக்கப்பட்டது சங்கத்துக்கது. இறக்கி வை."

மரியதாசன் முகம் சுண்டிப்போயிற்று. அன்று மாலை டீக்கடையில் என்னை ஓரமாக இழுத்துப் போனார்.

"மக்கா, இது என்னை வேலையில இருந்து பறஞ்சு விடதுக்குள்ள வேல ஆக்கும். கண்டவனெல்லாம் ஸ்டார்ட் பண்ணப் படிச்சா, பின்ன மரியதாசன் என்னத்துக்கு? இந்த வயசுல நான் திரும்பக் கட்டுமரத்துல கேற முடியுமா?"

"அப்பிடி ஒண்ணும் இல்ல அண்ணா. டீச்சரு அப்பிடிச் செய்ய மாட்டாவ."

"உனக்கு ஒண்ணும் அறியாது," என்றார் அவர். டீயைக் குடிக்காமலே எழுந்துபோனார்.

ஆனால் மறுநாள் பார்த்தால் ஆளே மாறிவிட்டார். விவரம் சார் கேட்பதற்கு முன்னால் தானே ஷெட்டுக்குள் கூப்பிட்டுக்கொண்டு போய்ச் சொல்லித்தர ஆரம்பித்தார்.

"சாரே, முதல்ல இடது காலுல செருப்பு இருக்கப்பிடாது. வலது காலுல இருக்கணும். செருப்போட போனா இது பெணங்கும்."

விவரம் சார் இடது செருப்பைக் கழற்றினார்.

"பின்ன முன்னால போயி நின்னு, நெத்தியில பைய மூணு தட்டு. பைய! உம்ம பேரப்பிள்ளைய எழுப்பது போல."

தட்டினார்.

"இனி பாடணும்."

"என்னலே பாடணும்?"

"தாலாட்டு ராகம் எதுவானாலும் செரி. 'எந்திரி மோளே, போவோம் மோளே, சாந்தி மோளே'ன்னு பாடணும். இதுக்க பேரு சாந்தி."

விவரம் சார் பாடினார். கரகரத்த, தட்டுத் தடுமாறுகிற, ஆனால் முழு மனதோடு பாடுகிற குரல். மரியதாசன் அவரைச் சீட்டில் ஏற்றிவிட்டு, முன்பக்கம் போய் பானட்டைத் தூக்கி, தலையை உள்ளே விட்டு, "இனி சாவியத் திருப்பும்!" என்றார். ஜீப் உறுமிக்கொண்டு எழுந்தது. விவரம் சார் சிறுபிள்ளைபோலக் குதித்தார்.

அன்று முதல் மதிய நேரம் முழுக்க ஷெட்டில்தான். மரியதாசன் தினமும் ஒரு புது விதி சேர்த்தார். வண்டியில் இருப்பவர்கள் கிழக்கு பார்க்கவேண்டும். பின்சீட்டில் இருப்பவர் மூச்சைப் பிடிக்கவேண்டும். சனிக்கிழமையானால் சக்கரத்துக்குத் தேங்காய் எண்ணெய் தொட்டு வைக்கவேண்டும். எல்லாம் கேசட்டில் ஏறியது. ஏறியதை நாங்கள் எல்லோரும் மனப்பாடம் செய்தோம். டீச்சர் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டார். தவறினால் திரும்பச் சொல்லவேண்டும்.

நடுவில் ஒரு நாள் மரியதாசன் இன்னொன்றும் சொன்னார். "சாரே, ஷெட்டுக்குள்ள வச்சு ஹாரன் மட்டும் அடிக்கப்பிடாது. மேல ஓட்டுக்கு எடையில கடந்தல் கூடு உண்டு. சத்தம் கேட்டா எறங்கிரும்."

கடந்தல் என்றால் எங்கள் பக்கத்துக் குளவி. மூன்று கொட்டினால் ஆள் படுத்துவிடும். விவரம் சார் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வழக்கமான பரவசம் இல்லை. லேசாகச் சிரித்ததுபோல எனக்குத் தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிறப்புக் கூட்டம் வைத்தார். மரியதாசனுக்கு விடுப்பு, அவருடைய தங்கை பிள்ளைக்கு ஞானஸ்நானம். அவர் இல்லாத நாளில் நாங்களே வண்டியைக் கிளப்பவேண்டும், அதுதான் பரீட்சை. நாங்கள் முற்றத்தில் வரிசையாக நின்றோம். விவரம் சார் தனியாக ஷெட்டுக்குள் போனார். சீட்டில் ஏறி உட்கார்ந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

"விவரம் என்னன்னா," என்று சொல்லி ஹாரனை நீளமாக அழுத்தினார்.

ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. அவர் வெற்றியோடு எங்களை நோக்கிக் கையை விரித்தார். அப்போது கூரையிலிருந்து ஒரு கறுப்புக் கயிறு இறங்குவதுபோல எதுவோ இறங்கியது.

அடுத்த சில நிமிடங்களை என்னால் ஒழுங்காகச் சொல்ல முடியாது. நான் தண்ணீர்த் தொட்டிக்குள் இருந்தேன். சரசம்மக்காதான் துணிச்சல்காரி. காய்ந்த தென்னையோலையைச் சுருட்டிக் கொளுத்திக்கொண்டு உள்ளே போய், கடந்தலைப் புகையால் விரட்டி, விவரம் சாரை இழுத்துக்கொண்டு வந்தாள். வந்தவர் விவரம் சார்தானா என்று எங்களுக்குச் சந்தேகம். முகம் பூசணிக்காய். கண் இருந்த இடத்தில் இரண்டு கோடு. உதடு இரண்டும் வாழைப்பூ. ஆயுள் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்த வாயிலிருந்து "ப்பூ, ப்பூ" என்று மட்டும் வந்தது.

"ஆஸ்பத்திரிக்கு எடுங்க!" என்று டீச்சர் கத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை, ஒரு ஆட்டோ இல்லை. ஜீப்பை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தோம். சுகுமாரன் ஒரு காலத்தில் வளைகுடாவில் வேன் ஓட்டியவர். ஓட்டத் தெரியும், கிளப்பத்தான் தெரியாது. ஆனால் எங்களுக்குத்தான் மனப்பாடம் இருக்கிறதே! விவரம் சாரைப் பின்சீட்டில் கிடத்தினோம். சுகுமாரன் இடது செருப்பைக் கழற்றினார். உடனே பின்னாலிருந்து "ப்பூ! ப்பூ!" என்று அலறல். விவரம் சார் இரண்டு கையையும் பலமாக ஆட்டுகிறார்.

"நம்மளும் கழத்தணும்னு பறயாரு!" என்றாள் சரசம்மக்கா. எல்லோரும் கழற்றினோம்.

நான் ஜீப்பின் நெற்றியில் தட்டினேன். "ப்பூஊ!" என்று தலையை இடமும் வலமுமாக அசைக்கிறார்.

"பைய தட்டுலே! பேரப்பிள்ளைய எழுப்பது போல!" என்றார் டீச்சர்.

பாடினோம். 'எந்திரி மோளே, போவோம் மோளே' என்று நான்கு பேரும் சேர்ந்து, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை சுருதி கூட்ட, செருப்பில்லாத கால்களோடு கிழக்கு பார்த்துப் பாடினோம். விவரம் சார் வீங்கிய கையால் தலையில் அடித்துக்கொண்டார். ராகம் தப்பிவிட்டது என்று நினைத்து மறுபடியும் முதலிலிருந்து பாடினோம்.

ஜீப் அசையவில்லை.

கடைசியில் சரசம்மக்காவுக்குத்தான் பொறுமை போயிற்று. "பாட்டும் கூத்தும்! தள்ளுங்கலே!" என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் தோளைக் கொடுத்தாள். எல்லோரும் தள்ளினோம். ரோட்டை நோக்கிய சரிவில் வண்டி உருண்டு, துள்ளி, உறுமியது. ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டோம். செருப்புகள் முற்றத்திலேயே கிடந்தன.

இனி ஒரே பயம், வண்டி நின்றால் கிளம்பாது. அமரவிளை சோதனைச்சாவடியில் கை காட்டி நிறுத்தினார்கள். சுகுமாரன் வேகத்தைக் குறைத்தாரே தவிர நிறுத்தவில்லை. ஒரு காவலர் கூடவே ஓடிவந்தார்.

"வண்டியில என்தா?"

"விவரம்!" என்று நான் கத்தினேன்.

"என்து விவரம்?"

"விவரத்துக்குத் தீரெ வய்யா!" என்று டீச்சர் மலையாளத்தில் கூவினார், விவரத்துக்கு உடம்பு ரொம்ப முடியவில்லை என்று. காவலர் ஓடியபடியே உள்ளே எட்டிப் பார்த்தார். ஈரத்துண்டு சுற்றிய ஒரு பூசணிக்காய் அவரைப் பார்த்து "ப்பூ" என்றது. அவர் அப்படியே நின்றுவிட்டார். எங்களை அதற்குமேல் யாரும் தொடரவில்லை.

நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் ஏற்றியதும் நர்ஸ் பேனாவை எடுத்தார்.

"பேரு?"

"விவரம்," என்றார் சுகுமாரன்.

"விவரமொக்கெ பின்னே. ஆத்யம் பேரு பற," என்றார் அவர், விவரமெல்லாம் பிறகு, முதலில் பெயரைச் சொல் என்று.

"அதாக்கும் பேரு. விவரம்."

"நிங்ஙள் களியாக்குந்நோ? பேரு இல்லாத மனுஷ்யரு உண்டோ?"

கேலி செய்கிறீர்களா என்று அவர் கேட்டபோதுதான் எங்களுக்கு உறைத்தது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். யாருக்கும் தெரியாது. பெயர் தெரியாது, வீடு எங்கே என்று தெரியாது, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. மாதக்கணக்கில் ஒவ்வொருவர் மண்டையிலும் இருப்பதைத் தோண்டியெடுத்த மனிதரிடம், உமக்கு என்ன பெயர் என்று நாங்கள் ஒருத்தர்கூடக் கேட்டிருக்கவில்லை. கடைசியில் டீச்சர், "மிஸ்டர் விவரம்னே எழுது மோளே" என்றார், மாணவியிடம் சொல்வதுபோல. நர்ஸும் எழுதிவிட்டார்.

ஊசி போட்டு, மருந்து தடவி, மதியத்துக்குமேல் வீக்கம் மெல்ல இறங்கத் தொடங்கியது. பயப்பட ஒன்றுமில்லை, மாலையில் கூட்டிப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். அந்தச் சமயம்தான் மரியதாசன் வந்து சேர்ந்தார். ஞானஸ்நான வீட்டுக்குப் பக்கத்துக் கடைக்குப் போன் செய்து சொல்லியிருந்தோம். புதுச் சட்டை, கரை வேட்டி, சட்டைப்பையில் ஒரு ரோஜாப்பூ. கட்டிலருகே வந்தவர் அந்த முகத்தைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சாரே, நான் சொன்னேனே சாரே... ஹாரன் அடிக்கப்பிடாதுன்னு சொன்னேனே!"

விவரம் சாரின் உதடு ஓரளவு திறந்தது. "நீ சொன்னது... ஒக்கப் பொய்லா மரியதாசா," என்றார். "செருப்பு பொய். தட்டு பொய். பாட்டும் பொய். அதுனால கடந்தலும் பொய்யாத்தான் இருக்கும்னு நெனச்சேன். விவரம் என்னன்னா... அது ஒண்ணு மட்டும் நேராயிருக்கும்னு யாரு கண்டா?"

நாங்கள் அசந்துபோனோம்.

"பொய்ன்னு அறியுமா?" என்றார் மரியதாசன்.

"ரெண்டாம் நாளே அறியும்."

"பின்ன என்னத்துக்கு சாரே தினமும் வந்து பாடினீரு?"

விவரம் சார் கட்டிலில் அவர் பக்கமாக ஒருக்களித்துத் திரும்பினார். "முதல்ல நீ எனக்க மொகத்தயே பாக்க மாட்டே. பின்ன தினமும் ஒண்ணு புதுசா யோசிச்சிட்டு வருவே. உனக்கும் நல்ல உற்சாகம், எனக்கும் உற்சாகம். எனக்க பாட்ட இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லலே."

மரியதாசன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"பேட்டரியில ஒரு வயரு லூசு சாரே. அத வெரலால அமுக்கிப் பிடிச்சிட்டு சாவியத் திருப்பினா போதும். அவ்வளவுதான் ஆக்கும். அதயும் சொல்லிக் குடுத்திட்டா எனக்கு என்ன மிச்சம் உண்டு?"

"ஒரு வயரா?" என்றார் டீச்சர். செருப்பில்லாமல் கிழக்கு பார்த்துப் பாடிய ஞாபகம் அவர் முகத்தில் ஏறி இறங்கியது. பிறகு எழுந்துவந்து மரியதாசன் எதிரில் நின்றார்.

"எலே, உன்னைப் பறஞ்சு விடுவேன்னு ஆரு சொன்னா? ராத்திரி மழையில கடற்கரைக்குப் போயி, வலி எடுத்துக் கெடக்க பிள்ளைய குலுங்காம கொண்டு வாறது வயரா? வயர ஆரும் அமுக்கலாம். வண்டிய நீதான் ஓட்டணும். எந்திரி, மூக்கச் சிந்து."

மரியதாசன் எழுந்து மூக்கைச் சிந்தினார். விவரம் சார் கைதட்ட முயன்று, வலித்ததால் நிறுத்திக்கொண்டார்.

மாலையில் ஜீப்பிலேயே அவரை வீட்டுக்குக் கொண்டுபோனோம். வழி அவர்தான் சொன்னார். பாறசாலை தாண்டி உள்ளே, ரப்பர் தோட்டத்தை ஒட்டி ஒரு சின்ன ஓட்டு வீடு. வாசலில் பெயர்ப் பலகை இருந்தது. எல்லோரும் நின்று படித்தோம். நல்ல பெயர்தான், ஆனால் வேறு யாருடைய பெயரோ போல இருந்தது. அதற்குப் பிறகும் நாங்கள் விவரம் சார் என்றுதான் சொன்னோம்.

அவர் மனைவி கதவைத் திறந்தார். ஒல்லியான, அமைதியான அம்மா. கணவர் முகத்தைப் பார்த்து ஒரு கணம் நெஞ்சில் கையை வைத்தார். ஆபத்து ஒன்றுமில்லை என்று டீச்சர் சொன்னதும் மூச்சு விட்டு, எங்கள் பக்கம் திரும்பினார். நாங்கள் யார் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"தங்கம்மா டீச்சருதானே? கேறி வாருங்க," என்றார் அந்த அம்மா. "இது சுகுமாரன். மஸ்கட்டுல வேனு ஓட்டின ஆளு. நீ மரியதாசன். அம்மைத் தழும்பு இன்னும் மாறல்ல, இளநீ குடிக்கணும் மக்கா. தங்கச்சி பிள்ளைக்கு இன்னைக்குத்தானே ஞானஸ்நானம், அத விட்டிட்டா வந்தே?" என்னைப் பார்த்தார். "நீ டைப்பு அடிக்கப்பட்ட பிள்ள. கவிதையெல்லாம் எழுதுவியாம், ஆருக்கும் காட்ட மாட்டியாம். இவரு வந்து பறஞ்சாரு."

அதை நான் எப்போது அவரிடம் சொன்னேன்? எனக்கே ஞாபகமில்லை.

"தெனமும் வந்து நிங்க கதைதான். சோறு வச்சா ஆறிப் போகும், இவரு பறஞ்சு முடிக்க மாட்டாரு. இன்னைக்கு சுகுமாரன் இப்பிடிச் சொன்னான், டீச்சரு இப்பிடிச் சிரிச்சாவன்னு... எங்களுக்குப் பிள்ளைய இல்ல பாத்தியளா," என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, பின்னால் ஒதுங்கி நின்றவளைக் கண்டுபிடித்தார். "சரசம்மாதானே? ஏன் அங்க நிக்கே? நீ வச்ச மீன்கறியப் பத்திக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறாமையே வந்தாச்சு. வா, அடுக்களைக்கு வந்து எப்பிடி வைக்கதுன்னு சொல்லிக் குடு."

சரசம்மக்கா உள்ளே போனாள். வெகுநேரம் கழித்து டீத் தட்டோடு வெளியே வந்தபோது அவள் கண் சிவந்து, மூக்கு உறிஞ்சிக்கொண்டிருந்தது. என்னக்கா என்று கேட்டேன்.

"அடுப்புப் புகைலே," என்றாள்.

அந்த வீட்டில் காஸ் அடுப்பு.